மடுவில் இருந்த இன்னொரு தாய்

வகுப்பு நடக்கும்போது பியூன் வாசலில் வந்து நின்றால் முதலில் அவர் கையைத்தான் பார்க்கிறேன். சுற்றறிக்கையாக இருக்கும், சம்பளக் கையெழுத்தாக இருக்கும். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் என் மகளை ஆற்றங்கரையில் துணி போர்த்திக் கிடத்தியிருப்பதுவரை நான் பார்த்துவிடுவேன். பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் பாதிக் கணக்கில் நின்றுகொண்டிருப்பேன்.

எங்களுக்கு ஒரே மகள். பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்தாள். படித்து முடித்தால் என்னைப் போலவே தென்காசியில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகிவிடுவாள், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து போவாள் என்று நான் நினைத்திருந்தேன். அவளோ குற்றாலத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு சிறிய அணைக்குப் பக்கத்தில் இருந்த முதலைப் பண்ணையில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தாள்.

எழுபதுகளின் நடுவில் தொடங்கிய பண்ணை அது. தோலுக்காகச் சுட்டும், வலையில் அடித்தும், முட்டையைத் தோண்டித் தின்றும் நம் ஆறுகளில் முதலையே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தவற்றின் முட்டைகளை எடுத்து வந்து பொரிக்கவைத்து, நரியும் பருந்தும் தூக்காத அளவுக்கு வளர்த்து, மறுபடி ஆற்றிலும் அணையிலும் விடுவது என்று அரசாங்கம் திட்டம் போட்டது. முதலை இல்லாமல் போனதே நல்லது என்று நினைத்தவள் நான். அந்தத் திட்டத்துக்கு என் வீட்டிலிருந்தே ஆள் போகும் என்று யார் கண்டது?

இங்கே எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவர் என் அம்மாவின் கடைசித் தம்பி, எனக்குத் தாய்மாமன். எங்கள் தெருவில் அது சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயமே இல்லை. வெளியில் பெண் எடுத்தவர்களைத்தான், சொந்தத்தில் யாரும் இல்லையா என்று கேட்பார்கள். எனக்கு ஒரு தம்பி. வயது வித்தியாசம் அதிகம், என் கல்யாணத்தின்போது அவன் அம்மா இடுப்பில் இருந்தான். என் மகள் பிறந்தபோது பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த அவனை, "ஏலே, ஒனக்குப் பொண்டாட்டி பொறந்துட்டா, போய்ப் பாருலே" என்று சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். வெட்கப்பட்டு மாட்டுத்தொழுவத்தில் போய் ஒளிந்துகொண்டான். இப்போது சுரண்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். நல்லவன். அவளுக்கு அவன்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

மகளுக்கு முன்னால் எனக்கு ஒரு மகன் பிறந்து இறந்துபோனான். அதை நாங்கள் வீட்டில் பேசுவதில்லை.

ஒரு பங்குனி மாதச் சனிக்கிழமை, தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு முதல்முறையாகப் பண்ணைக்குப் போனேன். வாசலில் இருந்த வாட்சர் அண்ணாச்சி என்னை ஒரு குளத்தின் கம்பிவேலிக்கு அழைத்துப் போனார். கரையில் இரண்டு பெரிய முதலைகள் வாயைப் பிளந்துகொண்டு வெயிலில் கிடந்தன.

"அந்தா கெடக்கு பாருங்க டீச்சரம்மா, ஆணும் பொண்ணும். ஒரே கூட்டுல பொரிச்சதுக. இங்கனயே வளந்ததுக. இந்த வருசம் முட்டை போட்டுட்டு! எனக்குப் பேரன் பேத்தி எடுத்த மாதிரி இருக்கு."

"ரெண்டும் கூடப்பொறந்ததுகளா?"

"பெறவு? வெளியில உள்ளதப் புடிச்சி உள்ள விட்டா கடிச்சிக் கொதறிரும்லா. இதுக ஒண்ணுக்கொண்ணு பழக்கம். சண்டை சச்சரவே கெடையாது. அதான் நாங்களே ஜோடி சேத்து விட்டோம்."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. மகளைத் தம்பிக்குக் கொடுப்பதைப் பற்றிப் பக்கத்து வீட்டில் கேட்டபோது நானும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருந்தேன்.

சாப்பிடும்போது மகள் அந்த ஜோடியைப் பற்றித்தான் பேசினாள். பண்ணை தொடங்கிய காலத்தில் ரோட்டுக்குப் பக்கத்து மணல்திட்டில் ஒரே ஒரு கூடுதான் எளிதாகக் கிடைத்தது. அந்தத் தாய் வருடா வருடம் அங்கேயே முட்டை போட, இவர்களும் வருடா வருடம் அங்கேயே போய் எடுத்திருக்கிறார்கள். பண்ணையில் கிடப்பது எல்லாம் அதன் பிள்ளைகள். அணையில் விட்டவையும் அதன் பிள்ளைகள்தான்.

"இருந்துட்டுப் போவுது. ஒனக்கு என்னட்டி?" என்றேன்.

"எம்மா, எல்லாம் ஒண்ணு போல இருந்தா, ஒரு நோய் வந்தா எல்லாம் ஒண்ணு போலச் சாவும். ஒண்ணு தப்பிக்கணும்னா ஒண்ணாவது வேற மாதிரி இருக்கணும். அண்ணனும் தங்கச்சியுமா சேந்துக்கிட்டே போனா, மூணு தலைமுறையில இத்தன வருசம் வளத்ததே வீணாப் போயிரும். வேற தாயோட முட்டை வேணும்."

"வேற தாய்க்கு எங்க போவ?"

ஆற்றின் மேல்பக்கம் ஒரு மடு இருக்கிறது, அங்கே இன்னொரு தாய் இருக்கிறது என்றாள். மடு என்றால் கோடையிலும் வற்றாமல் ஆழமாகத் தண்ணீர் கிடக்கும் இடம். அந்த முதலைக்குக் கோபம் அதிகம், பண்ணையில் அதை 'மாமியா' என்றுதான் சொல்வார்கள், கூட்டுக்குப் பக்கத்தில் யாரையும் விடாது, அதனால் இத்தனை வருடமாக ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. வனத்துறை ரேஞ்சர் இப்போதுதான் அனுமதி கொடுத்திருக்கிறார்.

"யாரு போவா?"

"நாந்தான்."

அவள் தயிரை ஊற்றிக்கொண்டு பிசைந்து சாப்பிட்டாள். நான் என் பங்கைத் தூக்குச்சட்டியிலேயே போட்டு மூடினேன்.

நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். தூரத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்துகொள்ள வேண்டும், கீழே இறங்கக்கூடாது என்று சொல்லி ரேஞ்சர் சம்மதித்தார். போகாமலே இருந்திருக்கலாம். வீட்டில் இருந்து பயந்தவற்றுக்கு ஒரு உருவம் கிடையாது. அந்தப் பாறையிலிருந்து பார்த்த பிறகு உருவம் வந்துவிட்டது.

மடுவின் கரையில் மணல். மூங்கில் கம்புகளோடு வாட்சர் அண்ணாச்சியும் இன்னொருவரும் தண்ணீரைப் பார்த்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் என் மகள் மண்டியிட்டு வெறுங்கையால் மணலைத் தோண்டினாள். தண்ணீர் அசையவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. ஒரு குமிழி வந்தால்கூட எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

முட்டைகள் தெரிந்தன. வாத்து முட்டையைவிட நீளம், நல்ல வெள்ளை. ஒவ்வொன்றையும் எடுப்பதற்கு முன்னால் அதன் மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம் மேலாகவே தூக்கி, மணல் நிரப்பிய கூடையில் வைக்க வேண்டும். புரட்டிவிட்டால் உள்ளே ஒட்டியிருக்கும் உயிர் போய்விடும். அதனால் அவசரமே கூடாது. அவள் அவசரப்படவும் இல்லை.

அப்போது அது வந்தது. நீந்தி வந்ததாகவே தெரியவில்லை. தண்ணீர் உடைந்தது, அவ்வளவுதான். பாதி உடம்பு கரைமேல் இருந்தது. குக்கரில் ஆவி வருவதுபோல ஒரு சீறல், பாறைவரை கேட்டது.

"லே, கம்ப மூக்குக்கு நேரா வையிலே! மாமியா வாரா!" என்று வாட்சர் அண்ணாச்சி கத்தினார்.

"நான் வச்சிட்டேன், நீரு ஏன் வே பின்னால போறீரு?"

"நான் எங்க போனேன்? காலு தானாப் போவுது!"

அவர்கள் சிரிக்கிறார்களா அழுகிறார்களா என்று தெரியவில்லை. அது கம்பைக் கடித்தது. மூங்கில் பிளக்கும் சத்தம். என் மகள் தலையைத் திருப்பி ஒரு முறை பார்த்தாள். பிறகு அடுத்த முட்டையில் கோடு போட்டாள். "ஓடி வாட்டி" என்று கத்தினேன். கத்தியதாக நினைத்தேன், வாயிலிருந்து காற்றுதான் வந்தது. அவள் பாதி முட்டைகளை மட்டும் எடுத்துவிட்டு, மீதியை மணல் போட்டு மூடித் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தாள். அந்தத் தாய்க்கும் பிள்ளை வேண்டுமாம். அதை மூடி முடிக்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

அந்த வாரமே சுரண்டைக்குப் பஸ் ஏறினேன். தம்பி கல்லாவில் இருந்தான்.

"ஆவணியில வெத்தல பாக்கு மாத்திருவோம்லே. கல்யாணம் ஆனா அந்த வேலைய விட்டுருவா. கடையில வந்து உக்காரட்டும், வீட்டுல இருக்கட்டும், என் கண்ணுக்கு உசிரோட இருந்தாப் போதும்."

"அவ சரின்னாளாக்கா?"

"அவ என்ன சொல்லுதது? சின்னதுல இருந்து பேசினதுதான?"

"இல்லக்கா, முதலைக்கே பயப்படாதவளுக்கு நான் எம்மாத்திரம்னு யோசிக்கேன்" என்று சிரித்தான். ஆனால் அன்று நான் கிளம்பும்போது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். எத்தனையோ வருடம் காத்திருந்தவன்.

மகளிடம் சொன்னபோது அவள் சண்டை போடவில்லை. "குஞ்சு பொரிக்கட்டும்மா" என்றாள். அது சம்மதமா மறுப்பா என்று நான் கேட்கவில்லை. ஆவணி வரட்டும், கரையேறிவிடலாம் என்று என் மனதில் ஒரு கணக்கு. என் பயம் முழுவதும் ஆற்றில் இருந்தது. வீட்டுக்குள் பயப்பட ஒன்றும் இல்லை என்றே நம்பியிருந்தேன்.

முதல் சாரல் விழுந்த நேரத்தில் குஞ்சுகள் பொரித்தன. பள்ளிக்கூடம் விடுமுறையில் இருந்ததால் அவளுக்குத் துணையாக நானும் போனேன். பஸ் முழுக்க அருவிக்குப் போகிறவர்கள். தலையிலிருந்து எண்ணெய் வழிய என்மேல் சாய்ந்துகொண்டு ஒருவர் மெயினருவியில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்டபடியே வந்தார்.

பண்ணையில் செங்கல் சுவரும் ஓலைக் கூரையுமாக ஒரு அறை. அதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மணல் குழிகள். ஒன்றில் குளத்து ஜோடியின் முட்டைகள், மற்றதில் மடுவிலிருந்து கொண்டுவந்தவை. பொரிக்கும் நேரம் வந்தால் முட்டைக்குள் இருந்தே குஞ்சு சத்தம் போடும் என்று மகள் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டுத்தான் தாய் மணலைத் தோண்டுமாம். மடுக் குழியிலிருந்து சத்தம் தொடர்ந்து வந்தது, தவளை கத்துவதுபோல, ஆனால் இன்னும் மெல்லியதாக. அவள் தோண்ட, ஓட்டை உடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. விரல் நீளம் வெளியே வந்த உடனேயே வாட்சர் அண்ணாச்சியின் கையைக் கடித்தது ஒன்று. "மாமியா மகள்லா, அதான் மொறைக்கா" என்றார். எந்தக் கூட்டுக் குஞ்சு என்று பின்னால் தெரிவதற்காக ஒவ்வொன்றின் வால் செதிலிலும் ஒரு சிறு வெட்டு அடையாளம் போட்டார்கள்.

குளத்துக் குழி பெரும்பாலும் அமைதியாக இருந்தது. காத்திருந்துவிட்டு மகள் முட்டைகளைத் திறந்து பார்த்தாள். கண், வால், நகம் எல்லாம் வந்து, உள்ளேயே செத்துப்போன குஞ்சுகள். சில உயிரோடு வந்தன. அவற்றில் ஒன்று தலையைத் தூக்கவில்லை. மகள் அதை உள்ளங்கையில் வைத்து நிமிர்த்தினாள். தலை இடப்பக்கம் சரிந்தது. மறுபடி நிமிர்த்தினாள். மறுபடி சரிந்தது. கண் மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் அந்த மணல்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா? தலை சுத்துதா?"

"இப்படித்தான்ட்டி கெடந்தான்."

"யாரு?"

"ஒங்க அண்ணன்."

அவள் என்னைப் பார்த்தாள். "காய்ச்சல்ல போயிட்டான்னுதான சொன்னீங்க?"

"காய்ச்சல்லதான் போனான். போறதுக்கு முன்னால, பொறந்ததுல இருந்து, கழுத்தே நிக்கல. மடியில வச்சி ஒரு கையால தலையத் தாங்கிக்கிட்டுத்தான் பால் குடுப்பேன்."

"டாக்டர்ட்ட காட்டலையா?"

"பாளையங்கோட்டையில காட்டினோம். சொந்தத்துல கட்டியிருக்கீங்களான்னு கேட்டாரு. ஆமான்னோம். பெறவு ஒண்ணும் சொல்லல. ஊரு பேரு விசாரிக்க மாதிரி கேக்காருன்னு நெனச்சேன்."

அவள் குஞ்சின் தலையை ஒரு விரலால் தாங்கிப் பிடித்தாள். பிறகு மெதுவாக, பாடம் சொல்வதுபோலச் சொன்னாள். சூடு கூடினாலும் குஞ்சு இப்படிப் பிறக்கும், ஈரம் குறைந்தாலும் பிறக்கும். ஒரு வருடத்தை வைத்து ரத்த உறவுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எத்தனையோ சொந்தத்துக் கல்யாணங்களில் நல்ல பிள்ளைகள் பிறக்கிறார்கள்.

"நான் நல்லாத்தான இருக்கேன்?" என்றாள்.

"ரெண்டு குழிக்கும் ஒரே மணலுதான? ஒரே சூடுதான?" என்று கேட்டேன்.

"ஆமா."

"பெறவு ஏன்ட்டி ஒன் கை நடுங்குது?"

அவள் குஞ்சை ஒரு தட்டில் வைத்துவிட்டு வெளியே குழாயடிக்குப் போய்க் கை கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். மூங்கில் பிளந்தபோது நடுங்காத கை. என் மகள் பயந்து நான் பார்த்தது அன்றுதான். அவள் தன் பிள்ளையை மடியில் வைத்துத் தலையைத் தாங்கிக்கொண்டிருப்பதை நானும் மனக்கண்ணில் பார்த்துவிட்டேன். ஆவணி என்று நானே போட்ட நாள் அப்போது என்னை நோக்கி வருவதுபோல இருந்தது.

அவள் கடைசிவரை "மாமாவைக் கட்டமாட்டேன்" என்று சொல்லவில்லை. நான் சொன்னால் கட்டியிருப்பாள் என்றே நினைக்கிறேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பையனைப் பற்றி நாங்கள் பேசியே இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். "சுரண்டைக்கு நான் போவட்டா?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம், நான் பேச்செடுத்தேன், நானே போகிறேன் என்றேன்.

தம்பி நான் சொன்னதை முழுவதும் கேட்டான். கடைக்கு வந்திருந்த பெண் துவரம்பருப்பு கேட்க, கடலைப்பருப்பை அள்ளித் தட்டில் போட்டான். அவள் சத்தம்போட, மாற்றிக் கொடுத்து அனுப்பினான்.

"ஆடு வளக்கவன் இருக்காம்லாக்கா, அவன் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கெடாவ மாத்துவான். அச்சன்புதூருக்குப் போயி வேற மந்தையில உள்ளதப் புடிச்சிட்டு வருவான். இல்லாட்டி குட்டி தேறாதும்பான். கடைக்கு வரும்போதெல்லாம் சொல்லியிருக்கான். நானும் ஆமா ஆமான்னு கேட்டுருக்கேன்." சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "நம்ம வீட்டுல மட்டும் யாரும் அத நெனச்சே பாக்கலையேக்கா."

"அவ ஒன்ன வேண்டாம்னு சொல்லலலே. நாந்தான் சொல்லுதேன்."

"தெரியும். அவ முன்னால நீ அழுதிருப்ப. எம்முன்னாலயும் அழாத, கடையில ஆள் வருது."

மறு தையில் அவனுக்கு வாசுதேவநல்லூரில், எங்களுக்கு எந்த வகையிலும் உறவில்லாத ஒரு வீட்டில் பெண் எடுத்தோம். கல்யாணத்தில் என் மகள்தான் ஓடியாடி வேலை செய்தாள்.

பண்ணையில் அந்த ஜோடியைப் பிரித்துக் குளத்தின் நடுவே சுவர் எழுப்பினார்கள். "சண்டையே இல்லாத குடும்பத்தப் பிரிச்சிட்டாளே ஒங்க பொண்ணு" என்று வாட்சர் அண்ணாச்சி என்னிடம் குறைபட்டுக்கொண்டார். மடுக் குஞ்சுகளை இரண்டு வருடம் வளர்த்து அணையில் விட்டார்கள்.

ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. அவளை அந்த வேலையிலிருந்து இழுத்துவர என் கையில் இருந்தது அந்தக் கல்யாணம் ஒன்றுதான். அதை நானே விட்டுவிட்டேன். வேறு வரன் பார்க்கிறோம். முதலைப் பண்ணை என்றதும் வருகிறவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவளோ ஒரு தாய் இரண்டு தாய் ஆனால் மட்டும் போதாது என்கிறாள். இன்னும் மேலே, காட்டுக்குள், மூன்றாவதாக ஒரு மடுவில் ஒரு தாய் இருக்கிறதாம்.

இந்தப் பங்குனியில் அங்கே போக ஆள் கிடைக்கவில்லை. வாட்சர் அண்ணாச்சிக்கு முழங்கால் வலி. மற்றவர் மாட்டேன் என்றுவிட்டார். தம்பி மனைவியோடு வந்திருந்தான். அவன்தான் கேட்டான்: "கம்பு புடிக்கணும், அவ்வளவுதான? நான் வாரேன்."

"மாமா, அது கடைக்கு வார ஆடு இல்ல" என்றாள் மகள்.

"தெரியும், போட்டி. ஆட்டுக்குன்னா நான் வரமாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் மனைவி மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். அவளுக்கு இது ஐந்தாம் மாதம்.

இன்று காலை முதல் பஸ்சில் மகளும் தம்பியும் போனார்கள். நான் பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். தம்பி மனைவியும் நானும் முருங்கைக்கீரை ஆய்ந்தோம். மதியத்துக்குள் வந்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மதிய பஸ் போய்விட்டது, அதில் யாரும் இறங்கவில்லை. என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போயிருக்கிறார். உள்ளே தம்பி மனைவி மூன்றாவது முறையாக அடுத்த பஸ் எப்போது என்று கேட்கிறாள். இப்போது வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.